பதினாலாம் எண் குழாய்

"கிளாஸ்ல உன்னை என்னன்னு கூப்பிடறது?" என்று அன்றைக்கு அக்கா கேட்டாள்.

"எல்லாரும் கூப்பிடற மாதிரிதான். மேடம்."

"மேடமா! சோறு ஊட்டினா துப்பிட்டு ஓடுவியே, அந்த உன்னையா?"

"அக்கா, விளையாடாதே. நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"சரிங்க மேடம். கோவிச்சுக்காதீங்க மேடம்."

"இன்னொண்ணு. சந்தேகம்னா கிளாஸ்ல கேளு. வீட்டுக்கு வந்துட்டா பாடத்தைப் பத்தி மூச்சு விடக் கூடாது. வீட்ல வெச்சு ஊட்டி விட்டாங்கன்னு நாளைக்கு நாலு பேர் பேசினா எனக்குத்தான் அசிங்கம்."

அக்காவின் சிரிப்பு ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு, "கேக்க மாட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். பேரை எழுதி அடியில் இரண்டு கோடு இழுப்பது அவள் பழக்கம்.

அது பத்து வாரத்துக்கு முந்தைய பேச்சு. இப்போது அதே இரண்டு கோடு போட்ட கையெழுத்து ஒரு செய்முறைத் தேர்வுத் தாளின் அடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு தங்கை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அவள் பெயர் சின்னவள். நாற்பது வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்தும் அந்தப் பெயர் மாறவில்லை. சமுதாயக் கல்லூரியில் அறிமுக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஒப்பந்த வேலை, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். வகுப்பில் இருபத்து நான்கு பேர். பள்ளியை முடித்ததும் எங்கே போவதென்று தெரியாமல் வந்த பிள்ளைகள் பாதி. வேலை பார்த்துக்கொண்டே ஒரு சான்றிதழுக்காக வருகிறவர்கள் மீதி. வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், மருந்துக்கடையில் நிற்கிற பெண்கள் இரண்டு பேர், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வருகிற ஒருத்தி. அவர்களில் வருகைப் பதிவேட்டின் பதினாலாம் எண், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிற நாற்பத்து நான்கு வயதுப் பெண். சின்னவளுடைய அக்கா.

அக்கா படிக்க வந்தது பொழுது போகாமல் அல்ல. மருத்துவமனை தன் சலவைப் பிரிவை மூடி, துணிகளை வெளியே கொடுத்துவிடப் போகிறது. இருக்கிற ஊழியர்களில் அறிமுக வேதியியல் தேறியவர்களுக்கு மட்டும் பரிசோதனைக்கூட உதவியாளர் பயிற்சியில் இடம். வயது வரம்பு நாற்பத்து நான்கு. அக்காவுக்கு இந்த ஆண்டுதான் கடைசி. இதைத் தவறவிட்டால், இருபத்திரண்டு வருஷம் ஆவியிலும் சோடாவிலும் வெந்த கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வகுப்பில் அக்கா சொன்ன சொல் தவறவில்லை. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையில் இருப்பதையெல்லாம் முத்து முத்தாக எழுதிக்கொள்வாள். மூன்றாவது வாரம் சின்னவள் வகுப்பைப் பார்த்து, "பிளீச்சிங் தண்ணியையும் ஆசிட்டையும் ஏன் சேர்த்து ஊத்தக் கூடாது?" என்று கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா மட்டும் கையைத் தூக்கினாள்.

"மூச்சு முட்டும் மேடம். எங்க வேலை செய்யற இடத்துல புதுசா வந்த ஒரு பையன் தரையைக் கழுவறேன்னு ரெண்டையும் ஊத்திட்டான். கண்ணு எரிஞ்சு நாங்க ஏழு பேர் வாசலுக்கு ஓடினோம். அவன் மட்டும், 'ஏன்க்கா எல்லாரும் ஓடறீங்க, நல்லா வெளுக்குதே'ன்னு நின்னுட்டிருந்தான்."

வகுப்பே சிரித்தது. அந்த வாயுவின் பெயர் குளோரின் என்று சின்னவள் பலகையில் எழுதினாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து அதை எழுதிக்கொண்ட விதம், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது.

ஆனால் அடுத்த வாரம் மோல் கணக்கு வந்தது. ஒரு டஜன் என்றால் பன்னிரண்டு என்கிற மாதிரி, ஒரு மோல் என்றால் இத்தனை துகள்கள் என்று சின்னவள் தொடங்கினாள். அவ்வளவுதான், அக்காவின் பேனா நின்றுவிட்டது. அன்றிலிருந்து கை தூக்குவதும் நின்றது. இடைத்தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று. எழுத்துத் தாள்களைத் திருத்துவது வேறொரு விரிவுரையாளர். செய்முறைக்கு மட்டும்தான் சின்னவள் மதிப்பெண் போடுவாள். அக்கா வகுப்பில் இருக்கிறாள் என்று அவளே போய்ச் சொன்னபோது துறைத்தலைவர் செய்துகொடுத்த ஏற்பாடு அது. முப்பத்தொன்று தெரியாமல் தாளை மடித்து அவள் நீட்டினாள். அக்கா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்பட்டன.

செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் இறுதி எழுத்துத் தேர்வுக்கு உட்காரவே விட மாட்டார்கள். அந்தத் தேர்வு நேற்று முன்தினம் நடந்தது. ஆளுக்கொரு சோதனைக் குழாயில் ஒரு வெள்ளைப் பொடி. குழாயின் எண் பதிவேட்டு எண். கம்பி வளையத்தில் அந்தப் பொடியைத் தொட்டு பர்னர் தீயில் காட்ட வேண்டும். தீ என்ன நிறத்தில் எரிகிறது என்று பார்த்து, இன்னும் இரண்டு மூன்று சோதனை செய்து, அது என்ன உப்பு என்று எழுத வேண்டும்.

எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்கிற பட்டியலைச் சின்னவள் முதல் நாள் இரவே எழுதி வைத்திருந்தாள். காலையில் வந்து பார்த்தால் பேரியம் குளோரைடு பாட்டிலில் அடிமண்டிதான் மிச்சம். மூன்று குழாய்க்கு வேண்டும். சுரண்டியதில் இரண்டுக்குத்தான் தேறியது.

"போன மாசமே எழுதிக் குடுத்தேன், வாங்கித் தரல," என்று ஆய்வகப் பொருள்களைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர்காரர் முகம் சிவந்தார். கோபம் வந்தால் சிவப்பார், பயம் வந்தால் வெளுப்பார். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் லிட்மஸ். "இப்ப மூணாவதுக்கு என்ன பண்றது?"

"ஸ்ட்ரான்சியம் குளோரைடு இருக்கா? அதைப் போடுங்க. பதினாலாம் நம்பர்ல," என்று சொல்லி, பட்டியலில் அதைத் திருத்தக்கூட நேரமில்லாமல் அவள் கதவைத் திறந்துவிட்டாள். மாணவர்கள் வெளியே வரிசையாக நின்றிருந்தார்கள்.

பேரியம் இளம்பச்சையாக எரியும். ஸ்ட்ரான்சியம் ரத்தச் சிவப்பாக எரியும். இரண்டையும் குழப்பிக்கொள்வதற்கு வழியே இல்லை.

அக்காவின் தாளில் இருந்தது இதுதான்: தீ, இளம்பச்சை. உப்பு, பேரியம் குளோரைடு.

அந்தத் தாளைச் சின்னவள் மூன்று தரம் படித்தாள். பதினாலாம் குழாயில் பேரியம் என்று எழுதியிருந்தது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான். அந்தப் பட்டியல் புதன்கிழமை ராத்திரி முழுக்க அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அந்த வீட்டின் பின்னறையில்தான் அக்கா தூங்குகிறாள்.

பார்த்து எழுதியது தெரிந்தால் தேர்வு ரத்து. அடுத்த ஆண்டு முதலிலிருந்து வர வேண்டும். அடுத்த ஆண்டு அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வு சம்பந்தப்பட்ட ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று துறைத்தலைவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எடுத்துப் போனது அவள்.

முதலில் வந்தது கோபம். இத்தனை வயதுக்கு மேல் இப்படிச் செய்வாளா? கேட்டிருந்தால்... கேட்டிருந்தால் தன்னிடமிருந்து என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்தபோது கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அடுத்து வந்த நினைப்புதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. பட்டியல் இன்னும் திருத்தப்படாமல் அவள் மேசை டிராயரில் இருக்கிறது. அதில் பதினாலுக்கு நேரே பேரியம் என்றுதான் இருக்கிறது. ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே விட்டுவிட்டால் போதும். அக்காவின் விடை சரி. முழு மதிப்பெண். குழாய் மாறியது லிட்மஸுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் அந்த நேரம் பார்த்துக் கழுவிய குடுவைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மேடம், எனக்கு அன்னிக்குக் காலையில நடந்தது ஒண்ணும் சரியா ஞாபகம் இல்ல," என்றார். "வயசாயிடுச்சு பாருங்க."

"அண்ணே, நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீங்க கேக்கல. நானாத்தான் சொல்றேன். காதும் காதும் வெச்ச மாதிரி போகட்டும்னு." அவர் முகம் வெளுத்திருந்தது. "உங்கக்கா எவ்ளோ பாடுபடறாங்கன்னு நானும் பார்க்கறேன். தேர்வு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் சிங்க்கைத் தேய்ச்சு வெச்சுட்டுப் போனாங்க. யாரு செய்வா? நான்கூடச் செய்ய மாட்டேன்." வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "ரஃப் தாள் கட்டு இங்கேயே வெக்கறேன். வழக்கமா நீங்க பார்க்க மாட்டீங்க, நான் பரண்ல போட்டுடுவேன். இந்தத் தடவை பார்த்துட்டே குடுங்க."

ரஃப் தாளை யாரும் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். வேலை செய்யும்போது அப்போதைக்கப்போது கிறுக்குகிற தாள் அது. பிறகு நல்ல தாளில் திருத்தமாக எழுதுவார்கள். சின்னவள் கட்டைப் பிரித்துப் பதினாலாம் எண்ணைத் தேடி எடுத்தாள்.

அக்காவின் முத்து முத்தான எழுத்து அதில் இல்லை. அவசரத்தில் சாய்ந்து கிடந்தது.

"தீ — நல்ல சிவப்பு." அதற்குக் கீழே, "கம்பியை ஆசிட்டில் கழுவி மறுபடி. சிவப்பு." அதற்கும் கீழே, "பக்கத்து பர்னரில். சிவப்புதான்." மூன்று வரியின் மேலும் ஒரே கோடாக இழுத்து அடித்திருந்தாள். அடித்ததற்குப் பக்கத்தில் சின்னதாக, பேனா அழுந்தாமல், "பச்சை" என்று எழுதியிருந்தது.

சின்னவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் இரண்டு மாணவர்கள் ஒரு பூட்டுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா சரியாகத்தான் செய்திருக்கிறாள். மூன்று முறை செய்திருக்கிறாள். வகுப்பில் பாதிப்பேர் கம்பியைக் கழுவவே இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதிவிட்டு, பிறகு அதை நம்பாமல், தங்கை எழுதி வைத்த பட்டியலை நம்பியிருக்கிறாள்.

சின்னவளுக்குத் தன் பன்னிரண்டு வயதில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. வராமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா பத்தாம் வகுப்பில் அறிவியலில் தவறி, மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகத்தைச் சின்னவள் கதைப் புத்தகம் மாதிரி படித்து முடித்திருந்தாள். "எனக்குக் கைவேலை ஒண்ணு, தலைவேலை ஒண்ணுன்னு ரெண்டு பொண்ணு," என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எது யார் என்று தனியாகச் சொல்ல மாட்டார், சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "இந்தச் சமன்பாட்டுல முன்னாடி ரெண்டுன்னு ஏன் போடறாங்க?" என்று கேட்டாள். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கதவைத் திறந்துகொண்டு ஓடி, "அப்பா, இவளுக்கு இதுகூடத் தெரியல!" என்று வீடு முழுக்கக் கத்தினாள். அப்பா சிரித்தார். விருந்துக்கு வந்திருந்த சித்தப்பாவும் சிரித்தார். அக்காவும் கூடவே சிரித்தாள்.

மறுதேர்வுக்கு அவள் போகவில்லை. அந்த வருஷமே ஒரு துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு தங்கையிடம் அவள் எதையும், ஒரு கடிதத்தின் விலாசத்தைக்கூட, படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை.

மதிய இடைவேளையில் சின்னவள் இரண்டு தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

சலவைப் பிரிவு அடித்தளத்தில் இருந்தது. படியிறங்கும்போதே ஆவி முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் பெரிய இயந்திரங்கள் சுழன்றன. இன்னொரு பக்கம் சூடான உருளைகளுக்கிடையில் போர்வைகள் தட்டையாக வெளியே வந்து விழுந்தன. அவற்றை இரண்டிரண்டு பேராக நின்று மடிப்பார்கள். அக்காவுடன் மடிக்கிறவள் சாப்பிடப் போயிருந்தாள். அக்கா போர்வையின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்," என்றாள் தாடையை எடுக்காமலே. "இங்கே என்ன வேலை? ஆளை வேணா தொலைச்சிடலாம், இந்த முனையைத் தொலைச்சிடாதே, பிடி."

சின்னவள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் விரித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். பக்கத்தில் வந்தபோது அவள் கேட்டுவிட்டாள்.

"லிஸ்ட்டைப் பார்த்தியா?"

அக்கா போர்வையை வாங்கி அடுக்கின் மேல் வைத்தாள். அடுத்ததை எடுத்து ஒரு முனையைத் தங்கையிடம் நீட்டினாள்.

"பார்த்தேன்."

"ஏன்க்கா?"

"மேசையைத் துடைக்கும்போது காகிதத்தைத் தூக்கினேன். பதினாலுன்னு கண்ணுல பட்டுச்சு. பார்க்கணும்னு பார்க்கல. பார்த்தப்புறம் மறக்க முடியல." உதறலில் போர்வை படாரென்று சத்தமிட்டது. "உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அப்புறம், சொன்னா உனக்குத் தொல்லைன்னு தோணுச்சு. அப்புறம்... நல்லதாப் போச்சுன்னும் தோணுச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"சரி. அப்புறம் எதுக்கு மூணு தடவை செஞ்சு பார்த்தே?"

"அதை யாரு சொன்னா?"

"ரஃப் தாளு."

அக்கா அசடு வழியச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "பச்சையா எரியும்னு நினைச்சுத்தான் காட்டினேன். சிவப்பா எரிஞ்சுது. கம்பி அழுக்கு போலன்னு கழுவினேன். அப்பவும் சிவப்பு. அடுத்த பர்னருக்குப் போனேன், பக்கத்துல இருந்த அந்த வண்டிக்காரர், 'என்னம்மா, ஊர் ஊராப் போறீங்க'ன்னு கேட்டாரு. அங்கேயும் சிவப்பு. நீ எழுதினது தப்பா இருக்குமா? அப்ப என் கண்ணுதான் தப்பு. இல்லேன்னா கை தப்பு. எனக்கு எது சரியா வந்திருக்கு, இது வர்றதுக்கு? அதான் அடிச்சிட்டேன்."

"சிவப்புதான்க்கா."

"என்னது?"

"காலையில பேரியம் தீர்ந்துபோச்சு. உன் குழாய்ல இருந்தது ஸ்ட்ரான்சியம். அது சிவப்பாத்தான் எரியும்."

அக்கா போர்வையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அவள் முகம் மலர்ந்தது. மாட்டிக்கொண்டோம் என்பதெல்லாம் அந்த நொடி அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நான் பார்த்தது சரியா? மூணு தடவையும்?"

"மூணு தடவையும் சரி."

"கடவுளே," என்றாள் அக்கா. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கழற்றித் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் மலர்ச்சி வடிந்து, விஷயம் புரிந்துவிட்டது. "அப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் பார்த்துத்தான் எழுதினேன்னு."

"ம்."

"இப்ப என்ன ஆகும்?"

"சொன்னா தேர்வு ரத்து." என்றாள் சின்னவள். "சொல்லாமலும் விடலாம். என் லிஸ்ட்ல இன்னும் பேரியம்னுதான் இருக்கு. நான் கம்முன்னு இருந்தா உனக்கு ஃபுல் மார்க். ஸ்டோர்காரரும் வாயைத் திறக்க மாட்டாரு."

இயந்திரம் ஒன்று சுழற்சியை முடித்துக்கொண்டு உறுமி நின்றது. அக்கா வேண்டாம் என்று உடனே சொல்லிவிடவில்லை. அவளுக்கு அந்த இடம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது அவள் விரல்கள் போர்வை விளிம்பை நிமிண்டிய விதத்திலேயே தெரிந்தது.

"அப்படிப் பண்ணா," என்றாள் கடைசியில், "உன் பேரியத்துக்கு மார்க் கிடைக்கும். நான் பார்த்த சிவப்புக்கு ஒண்ணும் கிடையாது. இல்ல?"

ஆமாம் என்று சின்னவள் தலையசைத்தாள்.

"வேணாம்டி. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை சரியாச் செஞ்சிருக்கேன். அதை மறைச்சு வெச்சுட்டு நாளைக்கு அங்கே போய் யார் ரத்தத்தையோ எப்படிச் சோதிக்கிறது? மூணு மணிக்கு என் ஷிப்ட் முடியும். நானும் வர்றேன். பார்த்தது நான், நானே சொல்றேன்."

"மேசையில வெச்சது நான்."

"அப்ப ரெண்டு பேரும் சொல்லுவோம். இந்த முனையைப் பிடி முதல்ல, கீழே விழுது."

நான்கு மணிக்கு இருவரும் துறைத்தலைவர் முன்னால் நின்றார்கள். உட்காரச் சொன்னார், அக்கா உட்காரவில்லை. சின்னவள் நடந்ததைச் சொல்ல, நடுநடுவே அக்கா, "அது என் தப்பு சார்" என்று குறுக்கிட, அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடிக்கப்பட்ட மூன்று வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கோபக்காரர் இல்லை, ஆனால் விதி விஷயத்தில் கல்.

"நான் உங்களை நம்பித்தான் இந்த வகுப்பைக் குடுத்தேன்," என்றார் சின்னவளிடம். "வீட்டுக்குக் கொண்டு போகாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"தப்புதான் சார்."

"இவங்க தேடிப் போய்த் திருடல. நீங்க விரிச்சு வெச்சீங்க. அதனால மெமோ உங்களுக்கு. ஒப்பந்தம் புதுப்பிக்கிற கமிட்டி அதைப் பார்க்கும். என்ன முடிவெடுப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். இது அவள் கணக்கில் இல்லை. "சார், அவளுக்கு எதுக்கு? என்னை வேணா எடுத்துடுங்க. அவ மேல..."

"உங்களுக்கும் இருக்கும்மா," என்றார் அவர். "இந்தத் தேர்வு செல்லாது. வர்ற வியாழக்கிழமை மறுபடி வைக்கிறேன். இவங்க பக்கத்துலேயே இருக்கக் கூடாது. உப்பை நான் எடுத்துத் தருவேன், கேள்வியை இன்னொருத்தர் கேட்பாரு. பொடியை எரிச்சுக் காட்டினா மட்டும் போதாது. எவ்வளவு எடுத்தீங்க, அதுல எத்தனை மோல், எல்லாம் வாயால சொல்லணும். சொன்னா எழுத்துத் தேர்வுக்கு உட்காரலாம். சொல்லலேன்னா இந்த வருஷம் முடிஞ்சுது. இதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது."

மோல் என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் கை நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டது.

அவர் இடைத்தேர்வு மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "முப்பத்தொண்ணு. அஞ்சு நாள்தான் இருக்கு." சின்னவளை நிமிர்ந்து பார்த்தார். "வீட்ல நீங்க சொல்லித் தர்றதில்லையா?"

"இல்ல சார். ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரல," என்றாள் அவள். இதிலாவது தன் மேல் குற்றமில்லை என்கிற வேகத்தோடு சொன்னாள்.

"ஏன்?"

"நாலு பேர் பேசுவாங்கன்னு..." என்று இழுத்தாள்.

"தேர்வுத் தாளை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன். பாடத்தைக் கொண்டு போகக் கூடாதுன்னு யார் சொன்னது?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. நாலு பேர் பேசுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளே, எந்த நாலு பேர்? அக்காவின் முப்பத்தொன்றைத் தன் வீட்டு விளக்கடியில் வைத்துப் பார்க்க அவளுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது: வீட்டில் தலைவேலைக்கு ஒருத்தி போதும் என்று அவளுக்குள்ளே யாரோ இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வெளியே வந்தார்கள். வகுப்புகள் விட்டு, தாழ்வாரம் காலியாக இருந்தது. ஆய்வகக் கதவை லிட்மஸ் பூட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எதையோ மறந்தவர் போல மறுபடி உள்ளே போய்விட்டார்.

அக்கா சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "உன் வேலை போயிடுமாடி?"

"தெரியாது. போகலாம்."

"என்னால."

"என்னாலயும்தான்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்லுவாரு?"

"முதல்ல கத்துவாரு. அப்புறம் சாப்பாடு ஆச்சான்னு கேப்பாரு."

அக்கா சிரிக்கவில்லை. பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். மோல் பாடம் இருந்த பக்கம் வரை புரட்டி நிறுத்தினாள். பலகையில் இருந்தது ஒரு எழுத்து விடாமல் அதில் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அடுத்த பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்த பக்கத்தில் இரண்டு. தங்கையின் பார்வை அங்கே விழுந்ததும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

நான் சொல்லித் தர்றேன் என்று சொல்ல வாய் வரை வந்தது சின்னவளுக்கு. மென்று விழுங்கினாள். இப்போது அவளாக முந்திக்கொண்டு நீட்டினால் அது மறுபடியும் சின்னவளின் பெருந்தன்மையாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

தாழ்வாரத்துக் கோடியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் உதடுகள் இரண்டு தரம் பிரிந்து மூடின. ஒரு கல்லைப் புரட்டுகிற மாதிரி மூச்சு வாங்கினாள். பிறகு நோட்டின் மேலிருந்த கையை எடுத்தாள்.

"எனக்குச் சொல்லிக் குடுடி," என்றாள். "மோல்லேருந்து வேணாம். அதுக்கும் முன்னாடிலேருந்து."